ஈய உருக்காலையின் கழிவுநீர்: வடிகாலைப் பிரிப்பதிலிருந்து மாதிரி எடுப்பது வரை முழு வழிகாட்டி

பழைய பேட்டரிகளை உடைத்து, ஈயத்தை உருக்கிச் சுத்திகரிக்கும் ஆலையில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் புதிதாகப் பொறுப்பேற்பவருக்காக இதை எழுதுகிறேன். செம்பு, துத்தநாக ஆலைகளிலும் வேலையின் வரிசை இதேதான். எண்கள் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு கணக்கு. நீர்நிலையில் விடும் தண்ணீரில் ஈயத்துக்கான பொது வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். ஒரு கிராம் ஈயம் ஏறக்குறைய ஒரு மிளகு பருமன்தான் இருக்கும். அந்த ஒரு மிளகு கரைந்தால் 10,000 லிட்டர் தண்ணீர், அதாவது ஒரு டேங்கர் லாரி அளவு, வரம்பின் விளிம்புக்கு வந்துவிடும். கீழே நான் வற்புறுத்தும் எல்லாவற்றுக்கும் காரணம் இந்தக் கணக்குதான்.

முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை: ஆலையின் இசைவாணை (மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதி ஆணை) நகல், வடிகால் வரைபடம் (இருந்தால்), பி.எச். (அமில, கார அளவு) மீட்டரும் அதைச் சரிபார்க்க பி.எச். 4, 7, 10 என்று தெரிந்த பஃபர் கரைசல்களும், ஒரு லிட்டர் பீக்கர் ஆறு, கலக்கி, ஈயத்தை லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழேயும் துல்லியமாக அளக்கக்கூடிய ஆய்வகம், உங்கள் முகத்துக்குப் பொருந்தும் தூசி வடிகட்டி முகமூடி. பேட்டரி யார்டில் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் நடக்க வேண்டாம்.

1. முதலில் இசைவாணையை வரிவரியாக வாசியுங்கள்

1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் ஆறாவது அட்டவணையில் பொது வரம்புகள் உள்ளன. உள்நாட்டு நீர்நிலையில் விடுவதானால், லிட்டருக்கு ஈயம் 0.1, ஆர்சனிக் 0.2, செம்பு 3, நிக்கல் 3, துத்தநாகம் 5 மில்லிகிராம். பி.எச். 5.5 முதல் 9 வரை. பொதுக் கழிவுநீர்க் குழாயில் விடுவதானால் ஈயம் 1 மில்லிகிராம்.

உங்கள் ஆலையைக் கட்டுப்படுத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த இசைவாணையில் உள்ள எண். அது பொது வரம்பைவிடக் கடுமையாக இருக்கலாம். வெளியே ஒரு சொட்டும் விடக் கூடாது, சுத்திகரித்து உள்ளேயே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கலாம். புதியவர்கள் வேறொரு ஆலையின் எண்ணை வைத்துக்கொண்டு டேங்க் அளவைத் தீர்மானித்துவிடுகிறார்கள். அப்புறம் இடித்துக் கட்ட வேண்டியதாகிறது.

நாளொன்றுக்கு எத்தனை கிலோலிட்டர் தொழிற்கழிவுநீர், எத்தனை கிலோலிட்டர் மனிதக் கழிவுநீர் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். அந்த இரண்டு வரிகளையும் அடிக்கோடிட்டு வையுங்கள். நல்ல தண்ணீரைக் கலந்து எண்ணைக் குறைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். கூடாது. ஈயம் கிராம் கணக்கில் அப்படியே வெளியே போகும். தண்ணீர்ச் செலவும் அனுமதித்த அளவைத் தாண்டும்.

2. வடிகாலோடு நடந்து பாருங்கள்

வரைபடத்தை நம்பி உட்காராதீர்கள். பகல் ஷிஃப்டில் ஒரு முறை, இரவு ஷிஃப்டில் ஒரு முறை, மழை பெய்யும்போது ஒரு முறை என்று மூன்று முறை நடக்க வேண்டும். இரவில் தரை கழுவுவார்கள். மழையில், எங்கும் சேராத வடிகால்கள் எல்லாம் உயிர் பெறும்.

எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றி, மறுமுனையில் ஆள் நிறுத்திப் பாருங்கள். ஆரத்தித் தண்ணீரைப் போலச் சிவந்து வந்தால் வழியில் சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ கலக்கிறது என்று அர்த்தம். செலவில்லாத சோதனை இது. பல ஆண்டுகளாக யாருக்கும் தெரியாமல் இருந்த இணைப்புகளை இப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறோம்.

பட்டியலில் வர வேண்டியவை: பேட்டரி உடைக்கும் இடத்து அமிலம், பிளாஸ்டிக் சில்லு கழுவும் தண்ணீர், தரை கழுவும் தண்ணீர், ஸ்க்ரப்பரிலிருந்து (உலைப் புகையைக் கழுவும் கருவி) வெளியேற்றும் தண்ணீர், குளிர்விப்புக் கோபுரக் கழிவு, ஆய்வகத் தண்ணீர், லாரிச் சக்கரம் கழுவும் தண்ணீர், யார்டின் முதல் மழைநீர்.

எல்லோரும் விட்டுவிடுவது தொழிலாளர்கள் குளிக்கும் தண்ணீரும் சீருடை துவைக்கும் தண்ணீரும். குளியலறை என்பதால் கழிப்பறைக் குழாயோடு சேர்த்து செப்டிக் டேங்குக்கு விட்டுவிடுகிறார்கள். நாள் முழுக்க ஈயத்தூசியில் நின்றவரின் சட்டை அது. அந்தத் தண்ணீர் தோட்டத்துக்குப் போனால் மண்ணில் ஈயம் சேரும். கழிப்பறைத் தண்ணீர் மட்டும் தனியே போகட்டும். குளியலும் துவைப்பும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வர வேண்டும்.

3. எதையும் கலக்கும் முன் பிரித்து வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள். கலந்த பிறகு எந்த ரசாயனமும் முழுசாகப் பிரித்துத் தராது.

புதியவர்களுக்கு வரும் ஆசை ஒன்று உண்டு. பேட்டரித் தண்ணீர் அமிலம், ஸ்க்ரப்பர் தண்ணீர் காரம், இரண்டையும் ஒரே டேங்கில் விட்டால் செலவில்லாமல் நடுநிலையாகிவிடுமே என்று தோன்றும். செய்துவிடாதீர்கள். உலைப் புகையிலிருந்து பிடித்த கந்தக டை ஆக்சைடு, ஸ்க்ரப்பர் தண்ணீரில் சல்ஃபைட்டாக இருக்கிறது. அதில் அமிலம் பட்டதும் அதே வாயு திரும்ப வெளியே வரும். புகைபோக்கியில் பிடித்ததை டேங்க் மூடி வழியாகத் தொழிலாளியின் மூக்குக்கு அனுப்பியதாகிவிடும். ஸ்க்ரப்பர் தண்ணீரை முதலில் காற்று ஊதி சல்ஃபேட்டாக மாற்றுங்கள். அதற்குப் பிறகு, காரமான கட்டத்தில்தான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

குறைந்தது நான்கு கோடுகள் (தனித்தனிக் குழாய் வழிகள்) வேண்டும்: அடர் அமிலம், ஈயம் கலந்த கழுவு நீர், ஸ்க்ரப்பர் நீர், குளிர்விப்பு நீர். கடைசியில் உள்ளதில் ஈயம் இராது, உப்புதான் இருக்கும். அதை ஈயத் தண்ணீரோடு கலந்தால் சுத்திகரிக்க வேண்டிய அளவு வீணாகக் கூடும்.

குளியல், துவைப்புத் தண்ணீரை ஒரு சிறு டேங்கில் தேக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவு நீரோடு விடுங்கள். ஈயம் திரளாகச் சேர்ந்துதான் படியும், அந்தத் திரளை சோப்பு கெடுக்கும். ஒரே நேரத்தில் மொத்தமும் வந்தால் செட்லிங் டேங்கில் (திரள் அடியில் படியும் தொட்டி) நுரை மிதக்கும், திரள் படியாது. செம்பு, நிக்கல் ஆலைகளில் இதே தொல்லையை அம்மோனியா கொடுக்கும். அது உலோகத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படிய விடாது.

4. அடர் அமிலத்தின் கணக்கைப் போடுங்கள்

ஒரு கிலோ கந்தக அமிலத்தை நடுநிலையாக்க 0.755 கிலோ தூய நீற்றுச் சுண்ணாம்பு வேண்டும். அதிலிருந்து 1.755 கிலோ ஜிப்சம் வரும். இந்த இரண்டு எண்களையும் சுவரில் எழுதி வையுங்கள்.

நாளொன்றுக்கு 1,000 லிட்டர் அமிலம் சேர்கிறது, லிட்டருக்கு 200 கிராம் அமிலம் என்று வைத்துக்கொள்வோம். அமிலம் 200 கிலோ. தூய சுண்ணாம்பு 151 கிலோ. கடையில் வாங்கும் சுண்ணாம்பு 85 சதவீதத் தூய்மை என்றால் 178 கிலோ. உலர்ந்த ஜிப்சம் 351 கிலோ. கசடைப் பிழியும் ஃபில்டர் பிரஸ்ஸிலிருந்து பாதி ஈரத்தோடு வந்தால் நாளொன்றுக்கு 700 கிலோ கேக் (பிழிந்த கசடு). அதில் ஈயம் கலந்திருக்கும், ஆகவே அபாயகரக் கழிவு. இதைக் கணக்கிடாமல் டேங்க் வாங்கியவர்கள் மூன்றாவது வாரத்தில் கசடு மூட்டை வைக்க இடம் தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் வரிசை இப்படி: அமிலத்தை முதலில் தேக்கிப் படிய விடுங்கள், அப்புறம் வடிகட்டுங்கள். அடியில் தங்கும் ஈயப் பசை உலைக்குத் திரும்பும் சரக்கு. சுண்ணாம்பைப் போட்ட பிறகு அதே ஈயம் ஜிப்சத்தோடு கலந்துவிடும். உலைக்கும் உதவாது, அகற்றுவதற்கும் காசு கட்ட வேண்டும். வடிகட்டிய அமிலத்தை உரிய அனுமதியோடு வேறு பயனுக்கு அனுப்ப வழி இருந்தால் அதைத்தான் முதலில் பாருங்கள்.

சுண்ணாம்புக்குப் பதில் காஸ்டிக் போட்டால் கசடு குறையும். சல்ஃபேட் முழுக்கத் தண்ணீரிலேயே உப்பாக நிற்கும். வெளியே விடாத ஆலையில் அந்த உப்பு கடைசியில் ஆவியாக்கிக்குத்தான் போய்ச் சேரும். சுண்ணாம்பிலும் ஓரளவு கால்சியம் சல்ஃபேட், லிட்டருக்கு இரண்டு கிராமுக்கு மேல், கரைந்தே நிற்கும். பின்னால் ஆர்.ஓ. வைத்திருந்தால் சவ்வில் செதிலாகப் பிடிப்பது அதுதான். பெருமளவை முதலில் சுண்ணாம்பு, கடைசித் திருத்தத்துக்கு சோடா சாம்பல் என்பதே நான் விரும்பும் முறை. சோடா சாம்பலின் கார்பனேட் ஈயத்தைக் கரையாத கார்பனேட்டாகவும் பிடித்துத் தரும்.

5. டேங்கில் போடும் முன் பீக்கரில் போடுங்கள்

ஆறு பீக்கரில் அன்றைய கழிவுநீர் ஒவ்வொரு லிட்டர். பி.எச். 8, 8.5, 9, 9.5, 10, 11 என்று ஆறு நிலைக்குக் கொண்டு வாருங்கள். ஒரு நிமிடம் வேகமாக, பதினைந்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, அரை மணி நேரம் விடுங்கள். மேல் தண்ணீரை எடுத்து ஈயம் பாருங்கள்.

ஏன் இந்தப் பாடு? ஈய ஹைட்ராக்சைடு அமிலத்திலும் கரையும், கடுங்காரத்திலும் கரையும். நடுவில் ஒரு குறுகிய பள்ளம் இருக்கிறது. ஈயத்துக்குப் பெரும்பாலும் அது 9 முதல் 9.5-க்குள் விழும். துத்தநாகத்துக்கு 9 முதல் 10, நிக்கலுக்கு 10-க்கு மேல், காட்மியத்துக்கு இன்னும் மேல். மூன்று உலோகம் கலந்த தண்ணீருக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே பி.எச். கிடையாது.

எங்கள் நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒரு நாள் காலையில் கண்ணாடி டம்ளரோடு ஓடி வந்தார். “அண்ணே, பாருங்க, குடிக்கலாம்போல இருக்கு!” உண்மையிலேயே பளிங்குபோல இருந்தது. பி.எச். மீட்டரை வைத்தேன், 11.8. சுண்ணாம்பு பம்பை நிறுத்த மறந்திருந்தார். அந்தத் தண்ணீரில் ஈயம் வரம்பைப்போலப் பல மடங்கு இருந்தது. முழுக்கக் கரைந்திருந்ததால்தான் அவ்வளவு தெளிவு. கலங்கல் இல்லை என்பது ஈயம் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. இதை அவரிடம் அன்று சொன்னதைப்போலவே உங்களிடமும் சொல்கிறேன்.

6. இரண்டு டேங்கில் நடுநிலையாக்குங்கள்

முதல் டேங்கில் சுண்ணாம்புப் பால் விட்டு பி.எச். 4 அல்லது 5 வரை ஏற்றுங்கள். இரண்டாவதில் பீக்கர் சொன்ன எண்ணுக்குக் கொண்டு வாருங்கள். ஒரே டேங்கில் செய்தால் பி.எச். 5-லிருந்து 9 வரை ஒரு நொடியில் குதிக்கும். கட்டுப்படுத்த முடியாது. கொஞ்சம் அதிகமாகப் போனால் தம்பியின் பளிங்குத் தண்ணீர்தான் கிடைக்கும்.

அடர் அமிலத்தில் காரம் சேர்க்கும்போது சூடு ஏறும். பி.வி.சி. குழாய் நெளியும். டேங்கில் ஏற்கெனவே இருக்கும் நடுநிலைக் கலவைக்குள் அமிலத்தை மெதுவாக விடுங்கள். தலைகீழாகச் செய்ய வேண்டாம்.

செட்லிங் டேங்கின் கசடில் ஒரு பங்கை முதல் டேங்குக்குத் திரும்ப அனுப்புங்கள். புதிய ஜிப்சம் அந்தப் பழைய படிகங்களின்மேல் வளரும். இல்லாவிட்டால் குழாய்ச் சுவரில் வளரும். திரும்ப அனுப்பாத ஆலையில் மூன்று அங்குலக் குழாய் சுருங்கிச் சுருங்கி விரல் நுழையும் துளையாகிவிடும்.

பி.எச். மின்முனையிலும் இதே ஜிப்சம் வெள்ளைத் தோலாகப் பிடிக்கும். அப்போது மீட்டர் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும், பம்பும் அதை நம்பி ஓடும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கிக் கழுவி, பஃபரில் சரிபார்த்து, கைமீட்டரோடு ஒப்பிட்டு எழுதுங்கள். இந்த வேலைக்கு ஐந்து நிமிடம் போதும்.

7. திரட்டி, படிய வைத்து, வடிகட்டி, அதற்குப் பிறகே பி.எச். குறையுங்கள்

பாலிமரை (நுண் துகள்களைத் திரளாகச் சேர்க்கும் ரசாயனம்) 0.1 சதவீதமாகக் கரையுங்கள். கலக்கும் சுழியில் தூவ வேண்டும், கொட்டினால் மீன்கண் போல உருண்டை கட்டும். ஒரு மணி நேரம் ஊறட்டும். அளவை பீக்கரில் கண்டுபிடியுங்கள். லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமே பெரும்பாலும் போதும். கூடினால் திரள் வழவழப்பாகி ஃபில்டர் துணியை அடைத்துவிடும். எலுமிச்சை பிழிந்த பால் திரிவதுபோலத் திரள் தனித்தனியாக, நடுவில் தெளிந்த தண்ணீரோடு தெரிந்தால் சரி.

இனி எல்லோரும் தடுக்கி விழும் இடம். ஈயத்தைப் படிய வைத்தது பி.எச். 9.3-ல். வெளியே விடும் வரம்பு 9. ஆகவே அமிலம் விட்டுக் குறைக்க வேண்டும், சரி. எங்கே விடுவது? செட்லிங் டேங்கை விட்டு வந்ததும் விட்டால், தண்ணீரோடு வந்த நுண் திரள் அங்கேயே கரையத் தொடங்கும். அதற்குப் பிறகு மணல் ஃபில்டர் எத்தனை வைத்தாலும் கரைந்த ஈயம் நேராகப் போய்விடும். முதலில் வடிகட்டுங்கள், அப்புறம் பி.எச். குறையுங்கள். இந்த வரிசையை மட்டும் மாற்றி, வேறொரு ரூபாய் செலவில்லாமல் எண் இறங்கிய ஆலைகள் உண்டு.

8. இன்னும் இறங்கவில்லை என்றால்

முதலில் பின்னால் போய் 3-ஆம் படியைப் பாருங்கள். எங்கோ ஒரு கோடு கலந்திருக்கும்.

அப்படியும் இல்லையென்றால் இரண்டு வழி. ஆர்சனிக், ஆண்டிமனி இருந்தால் (பழைய பேட்டரித் தட்டுகளில் ஆண்டிமனி கலந்திருக்கும்) சுண்ணாம்பு மட்டும் போதாது. ஃபெர்ரிக் குளோரைடு சேர்த்து இரும்போடு படிய வைக்க வேண்டும். இரும்புக்கு உகந்த பி.எச். ஈயத்தைவிடத் தாழ்வு, ஆகவே மறுபடியும் பீக்கர்தான்.

ஈயம் மட்டும் பிடிவாதமாக நின்றால் சோடியம் சல்பைடு. ஈய சல்பைடு மிக மிகக் கரையாதது. ஆனால் பி.எச். 8.5-க்குக் கீழே ஒருபோதும் விடாதீர்கள். அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். அழுகிய முட்டை நாற்றம்தான் எச்சரிக்கும் என்று நம்பவும் முடியாது, அளவு கூடும்போது மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். வாயு எச்சரிக்கைக் கருவி இல்லாத இடத்தில் சல்பைடு டிரம்மைத் திறக்கவே வேண்டாம்.

9. கசடு

ஃபில்டர் பிரஸ் கேக்கை வெறுந்தரையில் கொட்டக் கூடாது. காய்ந்தால் தூசியாகும், நுரையீரலுக்குப் போகும். மழையில் கரைந்து நீங்கள் பிரித்த ஈயம் முழுக்கத் திரும்ப வடிகாலுக்கு வரும். கூரை, கசியாத தரை, சுற்றிலும் வரப்பு, வடியும் நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திரும்பும் குழாய் எல்லாம் வேண்டும்.

2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அனுப்பும் ஒவ்வொரு லாரிக்கும் படிவம் 10, ஆண்டுக் கணக்குக்கு ஜூன் 30-க்குள் படிவம் 4. சென்னைக்கு வடக்கே இருக்கும் ஆலைகளுக்கு கும்மிடிப்பூண்டியிலேயே பொது அகற்றும் நிலம் இருக்கிறது. அனுமதி பெறாத யாரும் “செங்கல் சூளைக்கு எடுத்துக்கொள்கிறோம்” என்று வந்தால் கொடுக்காதீர்கள். அந்தச் செங்கல் ஒரு வீட்டுச் சுவராகும்.

வாங்கிய பேட்டரி எடை, சேர்ந்த அமிலம், செலவான சுண்ணாம்பு, வெளியே போன கேக் ஆகிய நான்கையும் மாதம் ஒரு முறை 4-ஆம் படியின் எண்களை வைத்துப் பொருத்திப் பாருங்கள். சுண்ணாம்பு பாதிதான் செலவாகியிருக்கிறது என்றால் மீதி அமிலம் எங்கே போனது என்று நீங்களே முதலில் கேளுங்கள்.

10. மாதிரி எடுப்பது

நைட்ரிக் அமிலத்தில் அலசிய பிளாஸ்டிக் பாட்டில். எடுத்த உடனே நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் ஈயம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஆய்வகம் குறைவான எண்ணைத் தரும், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

வடிகட்டிவிட்டு அமிலம் விடுவது இன்னொரு தவறு. அது கரைந்த ஈயத்தை மட்டும் காட்டும். வரம்பு மொத்த ஈயத்துக்கானது.

உடைக்கும் பிரிவு முழு வேகத்தில் ஓடும் நேரத்திலும் ஒரு மாதிரி எடுங்கள். ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர் யாருக்கும் பயன்படாது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி வாரிய அலுவலர் சட்டப்பூர்வ மாதிரி எடுக்கும்போது, அதை உங்கள் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். உடன் நின்று பாருங்கள், பி.எச். அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் உங்கள் பாட்டிலிலும் ஒன்று எடுத்து வையுங்கள்.

11. முதல் மழைக்கு முன்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். யார்டில் ஆறு மாதம் படிந்த ஈயத்தூசி முதல் கால் மணி நேரத்தில் கழுவப்பட்டு வரும். 2,000 சதுர மீட்டர் யார்டில் முதல் 15 மில்லிமீட்டர் மழை என்றால் 30,000 லிட்டர். அந்த அளவு டேங்க் காலியாக இருக்க வேண்டும். டேங்க் இருக்கும், ஆனால் போன வாரத்துக் கழுவு நீர் அதில் நிற்கும். இதுதான் வழக்கமாக நடப்பது.

செப்டம்பர் கடைசியில் டேங்கைக் காலி செய்து, அடி வண்டலை அள்ளி, மழைநீர் வாய்க்காலின் மதகை ஒரு முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். துருப்பிடித்து நின்றிருக்கும் மதகை, மழை கொட்டும்போது இருட்டில் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கிரீஸ் தடவி வையுங்கள்.